படம் எங்களுக்குத் தெரியும், வட்டைப் பற்றிச் சொல்லுங்கள்

கல்ட் படங்களின் (சிறிய ஆனால் தீவிர ரசிகர் கூட்டம் கொண்ட படங்கள்) டிவிடி, ப்ளூரே, 4கே வெளியீடுகளுக்கு விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். இத்தாலியக் கொலைப் படம், ஹாங்காங் குங்ஃபூ, எழுபதுகளின் அமெரிக்கப் பேய்ப் படம், ரப்பர் உடை போட்ட ராட்சசன் நகரத்தை மிதிக்கும் ஜப்பானியப் படம் என்று எது வெளிவந்தாலும், காசை எடுப்பதற்கு முன் உங்களைத்தான் தேடிப் போகிறோம். பெரிய பத்திரிகை விமர்சகர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். எங்களுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் படத்தை விமர்சிக்கிறீர்கள், வட்டை விட்டுவிடுகிறீர்கள்.

எட்டுப் பத்தி எழுதினால் நாலு பத்தி கதைச் சுருக்கம். இரண்டு பத்தி இயக்குநர் வரலாறு. ஒரு பத்தி, ‘இது எல்லாருக்குமான படம் அல்ல’ என்ற எச்சரிக்கை. மிச்சமிருக்கும் கடைசிப் பத்தியில், ‘படத்தின் தரம் அருமை, ஒலி நன்று, ஐந்துக்கு நாலு.’ சரி, அந்த நாலு எதற்கு? கழித்த அந்த ஒன்று எதனால் போனது? நாற்பது வருடமாக இந்தப் படத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் கதை தெரியாதா? அவனுக்கு வேண்டியதெல்லாம், இந்தத் தடவை எதிலிருந்து எடுத்திருக்கிறார்கள், எந்த நீளத்தில் இருக்கிறது, யார் உட்கார்ந்து நிறம் பார்த்தார்கள், ஏற்கெனவே கையில் இருக்கும் வட்டை விட இது மேலா என்பதுதான்.

போன வருடம் வந்த படத்துக்கு இப்படி எழுதினால் பெரிய நஷ்டமில்லை. தியேட்டருக்குப் போன அதே டிஜிட்டல் மாஸ்டர் (மூலப் பிரதி)தான் வட்டுக்கும் வருகிறது. மலிவு பட்ஜெட்டில் எடுத்து, கைமாறிக் கைமாறிப் போன பழைய படத்துக்கு அப்படியில்லை. நெகட்டிவ் ஓரிடத்தில் கிடக்கும், அல்லது எங்குமே கிடக்காது. ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரும் தன் இஷ்டத்துக்கு வெட்டியிருப்பார். இந்த வகைப் படங்களில் நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதே, நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றினார்கள். புதிய டைட்டில் கார்டில் காப்புரிமை வரி விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், விற்கலாம். போட்டார்கள், விற்றார்கள். தேய்ந்த பிரிண்டிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொன்று என்று விஎச்எஸ் காலம் முழுக்க, டிவிடி காலத்திலும்கூட, சாம்பல் பூசிய மாதிரியான படம்தான் பலருக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு ‘அனுபவமில்லாதவர்களின் கேமரா வேலை’ என்று எழுதினார்கள். ‘அந்தக் கரடுமுரடுதான் அழகு’ என்று புகழ்ந்தவர்களும் உண்டு. பிறகு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூல நெகட்டிவிலிருந்தே படத்தை மீட்டெடுத்தன. அது 2018இல் ப்ளூரேயாக வந்தது. பார்த்தால், ஆழமான கறுப்பு, கூர்மையான நிழல், யோசித்து வைத்த விளக்குகள். விளம்பரப் படங்கள் எடுத்துப் பழகிய கைகள் எடுத்த படம் அது. ஒளியமைக்கத் தெரியாமல் இருக்குமா? திட்டியவரும் சரி, புகழ்ந்தவரும் சரி, இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது கெட்டுப்போன பிரதியைப் பற்றி.

நிறத்துக்கு வருகிறேன். ‘நிறங்கள் துல்லியம்’ என்று எழுதுகிறீர்கள். எதோடு ஒப்பிட்டு? ‘ஹாலோவீன்’ (1978) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், அக்டோபர் கடைசியில். எடுத்ததோ தெற்குக் கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. காய்ந்த இலைக்கு எங்கே போவது? இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் இறைத்தார்கள். ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டையில் கட்டினார்கள், அடுத்த ஷாட்டுக்கு மறுபடி இறைத்தார்கள். மிச்சத்தைப் பிரிண்டின் நிறத்தில் சரிக்கட்டினார்கள். பகல் காட்சிக்கு லேசான பழுப்பு, இரவுக்கு நீலம். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி போட்ட அந்தக் கணக்குத் தெரியாமல், யாரோ ஒரு டெக்னீஷியன் எல்லா நிறத்தையும் ‘இயற்கையாக’ ஆக்கினால் என்ன ஆகும்? புல்தரை பளிச்சென்று ஜொலிக்கும், அக்டோபர் போய்க் கோடை வந்துவிடும். நாயகி லாரி பள்ளிக்கு நடந்து போகும் காலைக் காட்சியில் மரங்களைப் பார்த்தாலே போதும், எந்த மாஸ்டர் என்று பாதி தெரிந்துவிடும். (உற்றுப் பார்த்தால் இல்லினாயில் முளைக்க வாய்ப்பில்லாத பனைமரமும் தெரியும். அதற்கு எந்த நிறத் திருத்தத்திலும் மருந்தில்லை.) 2013இல் வந்த ப்ளூரேக்குக் கண்டியே மேற்பார்வை பார்த்தார். அதற்கு முந்தைய வட்டையும் இதையும் அருகருகே வைத்து எழுதுகிற விமர்சனம் ஒன்று, ‘நிறங்கள் துல்லியம்’ என்கிற நூறு விமர்சனத்துக்குச் சமம்.

ஒளிப்பதிவாளர் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாம் என்று சொல்லவில்லை. வயதானபின் மனம் மாறி, அன்று செய்யாத நிறத்தை இன்று பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘சஸ்பீரியா’ (1977) மாதிரி ஒரு படத்துக்கு அதன் ஒளிப்பதிவாளர் லூச்சானோ தோவோலியிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? சாயத்தை நேரே ஃபிலிமில் அச்சிடும் டெக்னிகலர் பிரிண்டுக்காகவே திட்டமிட்ட சிவப்பு அது. முந்தைய வெளியீடுகள் சிலவற்றில் கான்ட்ராஸ்டை ஏற்றி ஏற்றி, முகங்கள் வெளுத்து, சிவப்பு வழிந்து சுவரில் பரவிக் கிடந்தது. அதையே படத்தின் பாணி என்று நினைத்து ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அடுத்தது எந்த வெட்டு என்ற கேள்வி. ‘டான் ஆஃப் தி டெட்’ (1978) படத்துக்கு 127 நிமிட வடிவம் ஒன்று, 139 நிமிட வடிவம் ஒன்று, ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ வெட்டிய 119 நிமிட வடிவம் ஒன்று. நீளம் மட்டுமா வேறு? அர்ஜென்டோவின் வெட்டில் காப்ளின் குழுவின் இசை ஆரம்பம் முதல் துரத்துகிறது, கிண்டல் காட்சிகள் குறைந்துவிட்டன. படத்தின் இயக்குநர் ரொமேரோவின் வெட்டில் கடையில் வாங்கிய ஸ்டாக் இசை நிறைய. ஷாப்பிங் மாலில் பிணங்கள் தள்ளாடும்போது பின்னால் ஒலிக்கும் அந்த அசட்டு இசையில்தான் படத்தின் கேலியே இருக்கிறது. ‘இசை மிரட்டுகிறது’ என்று நீங்கள் எழுதினால், எந்த வெட்டின் இசை என்று நாங்கள் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

‘டீப் ரெட்’ (1975) இன்னும் வேடிக்கை. இத்தாலிய வடிவம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டுக்குப் போன ஆங்கில வடிவத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் காணோம். நாயகனுக்கும் பெண் நிருபருக்கும் நடக்கும் செல்லச் சண்டைகளில் நிறைய போய்விட்டன. வெட்டிய பகுதிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடையாது. அதனால் முழுநீள வடிவத்தை ஆங்கில ஒலியில் போட்டால், பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று இத்தாலிய மொழிக்குத் தாவுவான், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஆங்கிலத்துக்குத் திரும்புவான். முதல் தடவை பார்க்கிறவன் டிவியைத் தட்டிப் பார்ப்பான். இது பழுதல்ல, இப்படித்தான் இருக்கும் என்று ஒரு வரி எழுதினால் எவ்வளவு நிம்மதி!

‘அன்கட்’ என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சந்தை மதிப்பு வந்ததே தடைகளால்தான். எண்பதுகளில் பிரிட்டனில் ‘வீடியோ நாஸ்டி’ (வீடியோவில் வரும் கொடூரப் படங்கள்) பீதி கிளம்பி, அரசு வழக்கறிஞர் அலுவலகம் போட்ட பட்டியலில் மொத்தம் 72 படங்கள் ஏறி இறங்கின. 1984இல் தனிச் சட்டமே வந்தது. அதில் அடிபட்ட பெயர் என்றாலே இன்றைக்கும் விற்பனைதான். எதை வெட்டினார்கள், இந்த வட்டில் அது திரும்பி வந்ததா, வந்த பகுதி எதிலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) போன்ற படத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. அதில் விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். 2011இல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் பெரும்பாலும் முழுசாக அனுமதித்தது. வெட்டச் சொன்னது ஒரு சிறு பிராணி சாகும் 15 விநாடியை. அந்தக் காட்சிகளைத் தவிர்த்துப் பார்க்கும் வசதியோடு வந்த வெளியீடும் உண்டு. முழுசாக வேண்டும் என்கிறவனும் இருப்பான், அதைப் பார்க்க முடியாது என்கிறவனும் இருப்பான். இருவருக்கும் தகவல் வேண்டும்.

நேரக் கணக்கிலும் கவனம் தேவை. பால் (PAL) என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை டிவிடிகளில் விநாடிக்கு 24 சட்டகத்தை (ஃபிரேம்) 25ஆக ஓட்டுவார்கள். நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறிலேயே முடிந்துவிடும். அதைப் பார்த்து ‘நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள்’ என்று எழுதிய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். ஒரு சட்டகம்கூட வெட்டப்படவில்லை ஐயா. ஆனால் சரிசெய்யாமல் விட்டால் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். காது உள்ளவனுக்கு அது உறுத்தும். அதை எழுதுங்கள்.

இனி, எனக்கு ரத்தம் கொதிக்கும் விஷயம். கிரெயின்.

‘படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது’ என்று இன்னமும் குறை எழுதுகிறீர்களே, அது அழுக்கல்ல. ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களிலிருந்து உருவாவதுதான் பிம்பமே. வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுக்க வேகமான ஃபிலிம் போட்டால் துகள் பெரிதாகத் தெரியும். அதைத் துடைத்தால் கூடவே தோலின் துளை, தலைமயிர், சட்டையின் நெசவு எல்லாம் போகும். உங்களைப் போன்றவர்கள் புள்ளியைக் குறை சொன்னால் நிறுவனம் என்ன செய்யும்? துடைத்துக் கொடுக்கும். ‘பிரிடேட்டர்’ (1987) படத்துக்கு 2010இல் வந்த ப்ளூரேயைப் போட்டுப் பாருங்கள். காட்டுக்குள் வியர்த்து வழிந்து, சேறு பூசிக்கொண்டு நிற்க வேண்டிய ஆர்னால்ட், மெழுகுச் சிலை மியூசியத்திலிருந்து நேராக வந்த மாதிரி நிற்பார். வியர்வை இருக்கிறது, வியர்க்கும் தோலைக் காணோம். இது ஏதோ அன்றைய தொழில்நுட்பக் கோளாறு, முடிந்த கதை என்றும் நினைக்க வேண்டாம். ‘ஏலியன்ஸ்’, ‘தி அபிஸ்’, ‘ட்ரூ லைஸ்’ மூன்றும் 2024இல் 4கே வட்டாக வந்தபோது கணினி அல்காரிதம் கூர்மையாக்கிய முகங்களைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. சில ஷாட்டுகள் பிரமாதம், சில ஷாட்டுகளில் ஒரு மயிரிழை மட்டும் கம்பி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட வட்டுக்கு ஐந்துக்கு இத்தனை என்று ஒற்றை மதிப்பெண் போட்டு என்ன பயன்? எந்த ஷாட்டில் தெரிகிறது, நகரும்போது தெரிகிறதா, உட்காரும் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் போடுவது நல்லதுதான். ஆனால் ஜேபெக் சுருக்கத்தில் கிரெயின்தான் முதலில் சாகும். எச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் இடையே வீச்சு கூடிய) படத்தைச் சாதாரணத் திரைக்கு மாற்றிப் போட்டால் மங்கிப்போய்த் தெரியும், அதைப் பார்த்து வட்டே இருட்டு என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். தரம் குறைக்காத பிஎன்ஜி கோப்பாகப் போடுங்கள், இரண்டு வட்டிலும் அதே சட்டகத்தை எடுங்கள், எச்டிஆர் என்றால் எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஒலியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் கால இத்தாலியப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படப்பிடிப்பில் பதிந்த ஒலி பயன்படவில்லை, பிறகு ஸ்டூடியோவில் குரல் கொடுத்ததுதான். செட்டில் ஒருவர் ஆங்கிலத்தில் பேச, எதிரில் நிற்பவர் இத்தாலிய மொழியில் பதில் சொல்லியிருப்பார். ஆக, ‘மூல மொழியில் பார்க்க வேண்டும்’ என்ற வீராப்பு இங்கே எடுபடாது. இரண்டுமே டப்பிங். கேட்க வேண்டியது வேறு: இத்தாலிய ஒலிக்குப் போட்ட சப்டைட்டில் இத்தாலிய வசனத்தின் மொழிபெயர்ப்பா, இல்லை ஆங்கில டப்பிங்கையே எழுத்தாக்கி ஓட்டிவிட்டார்களா? இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் ஹாங்காங் படங்கள். பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியைத் தூக்கிவிட்டு 5.1 (பல ஸ்பீக்கர்) கலவை போட்டு, குத்துக்கும் உதைக்கும் புது ஓசை சேர்த்த வெளியீடுகள் இருக்கின்றன. அந்தப் பழைய ‘டிஷ்யூம்’ இல்லாத குங்ஃபூ சண்டை எங்களுக்கு வேண்டாம். மோனோ இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மோசமான படங்கள் விஷயத்தில் உங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: படம் கேலிக்குரியது என்றால் வட்டையும் கேலியோடு முடித்துவிடுவது. ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ (1966) உலகின் மட்டமான படங்களின் வரிசையில் எப்போதும் வரும் பெயர். 1993இல் ஒரு தொலைக்காட்சிக் கேலித் தொடர் எடுத்துக் கிழித்த பிறகு அதன் புகழ் பரவியது. எல்லாரும் பார்த்தது மங்கிய பிரதியை. பின்னாளில் அதன் 16 எம்எம் ஒர்க்பிரிண்ட் (எடிட்டிங் வேலைக்கான பிரதி) ஒரு சேகரிப்பாளர் கையில் கிடைத்து, மீட்டெடுத்து, 2015இல் ப்ளூரேயாக வந்தது. படம் நல்ல படமாக மாறிவிட்டதா? இல்லவே இல்லை. ஒரு தடவைக்கு அரை நிமிடம்தான் ஓடும் கேமராவில் எடுத்த படம் வேறு எப்படி இருக்கும்! ஆனால் நிறம் இருக்கிறது, முகம் தெரிகிறது, எந்தத் தவறு எடுத்தவர்களுடையது, எது பிரதியுடையது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. இதற்கு உழைத்தவரின் வேலையை ‘இந்தக் குப்பைக்குப் போய் ரெஸ்டோரேஷனா’ என்று ஒரே வரியில் தள்ளுவது சோம்பல். மறுபக்கம், கல்ட் என்ற முத்திரை விழுந்தாலே தலைசிறந்த படைப்பு என்று மணி அடிப்பதும் அதே சோம்பல்தான்.

ஆடியோ கமென்டரியை (படம் ஓடும்போது கூடவே ஒருவர் பேசும் விளக்கம்) கேட்டுவிட்டு எழுதுங்கள். இந்தப் பழக்கம் ஆரம்பித்ததே ஒரு ராட்சசப் படத்தில்தான்: 1984இல் ‘கிங் காங்’ லேசர்டிஸ்க்கில் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசியது. இன்றைக்கு ஒரே வட்டில் மூன்று கமென்டரிகூட வருகிறது. ஒருவர் திரையில் நடப்பதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார், இன்னொருவர் லொகேஷன் எங்கே, காசு யார் போட்டது என்று அள்ளிக் கொடுப்பார். அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதினால் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அட்டை, பெட்டி, போஸ்டர் பற்றி நீங்கள் எழுதுவதில் எங்களுக்குக் குறையே இல்லை. அதை நிறையவே எழுதிவிடுகிறீர்கள்.

வட்டு இலவசமாக வந்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பதையும் சொல்லிவிடுங்கள். இலவசமாக வாங்கியதால் நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று சந்தேகப்படவில்லை. விமர்சகருக்கு முன்கூட்டி வரும் செக் டிஸ்க்கும் கடைக்கு வரும் வட்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்கள் பார்க்காத பிழை எங்கள் வட்டில் இருக்கலாம், நீங்கள் கண்ட பிழை கடைக்கு வருமுன் சரியாகியும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சப்டைட்டில் ஓடிப்போவது, ஒரு ரீலில் ஒலி பின்தங்குவது, சில சட்டகம் காணாமல் போவது என்று எந்தச் சின்ன நிறுவனத்துக்கும் தவறு நேரும். பலர் மாற்று வட்டு அனுப்பிச் சரிசெய்கிறார்கள். அப்படி நடந்தால் புதிதாக ஒரு பதிவு எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். பழைய விமர்சனத்தையும் திறந்து, அதன் தலையிலேயே எழுதி வையுங்கள்: எந்தத் தவறு, எப்போது திருத்தினார்கள், திருத்திய வட்டை அட்டையிலோ வட்டின் மேலோ எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. அச்சு நின்றுபோன பிறகு பழைய சரக்காக வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது உங்கள் அந்தப் பழைய பக்கம்தான்.

இப்படிக்கு,
வட்டுகளை வாங்கி அடுக்கும் வாசகன்